புதுப் புல்தரையில் வேர்ப்புழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுருளாக வந்து இறங்கும் புல்பாயை விரித்த சில வாரங்களிலேயே வேர்ப்புழு தொல்லை வந்துவிட்டதாகப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வெள்ளைப் புழு, வேர்ப்புழு என்று இரண்டு பெயரில் எழுதியிருந்தாலும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: வண்டு இனங்களின் புழுப் பருவம். அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளை உடல், பழுப்புத் தலை, முன்பக்கம் மூன்று ஜோடிக் கால்கள், வால்பக்கம் மண் தின்றதால் கருத்துத் தெரியும்.

கேள்வி: புல்பாய் விரித்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் தண்ணீர் விட்டும் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, இப்போது வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பாய் கையோடு வருகிறது. இது வேர்ப்புழுதானே? உடனே மருந்து அடிக்கட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பல ஆண்டு வளர்ந்த புல்தரை இழுத்ததும் கையோடு வந்தால் வேர்ப்புழு என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். புதுப் பாயில் அந்த அடையாளம் செல்லாது. பாயை வெட்டி எடுக்கும்போது வேரின் பெரும்பகுதி பழைய வயலிலேயே தங்கிவிடுகிறது. சுமார் 2 செ.மீ. கனமுள்ள மண்ணோடு குட்டை வேர் மட்டுமே உங்களிடம் வந்து சேர்கிறது. அது கீழ்மண்ணில் வேர் பிடிக்க, நல்ல பருவத்திலேயே 2 முதல் 3 வாரம் ஆகும். குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகும். ஐந்து வாரமாகியும் பிடிக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது சரி. அது புழுதானா என்பதை மண்ணைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாயைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் மெல்லிய புதுவேர்கள் நீட்டிக்கொண்டிருந்து, கீழ்மண் மட்டும் காய்ந்து வெளிறிக் கிடந்தால் தண்ணீர் அடிவரை போகவில்லை. பாய்க்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தாலும் இப்படித்தான் ஆகும். மேலே எவ்வளவு விட்டாலும் பாயின் மண் மட்டும் நனைந்து நின்றுவிடும். வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் கழன்று, சேற்று நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிப்போய் அழுகியிருக்கிறது. வேரே காணாமல், புல்லின் அடிக்கட்டை மட்டும் மொட்டையாக நின்று, கீழ்மண் சலித்த மாவு போல் பொலபொலவென்று இருந்தால் அங்கே புழு வேலை செய்திருக்கிறது.

உறுதிப்படுத்த எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ந்த திட்டின் நடுவே தோண்டினால் அதிகம் கிடைக்காது. உயிருள்ள வேரைத் தேடிப் புழு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் எல்லையில் தோண்டுங்கள். மண்வெட்டியால் 30 செ.மீ. சதுரத்துக்கு மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தை அப்படியே விட்டு, மூடியைத் திறப்பதுபோல மடித்துத் திறக்கவும். அடிமண்ணை 8 செ.மீ. ஆழம் வரை கிளறி, கட்டிகளை விரலால் உடைத்து, கிடைக்கும் புழுக்களை ஒரு டப்பாவில் போட்டு எண்ணவும். பாயின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் உதிர்த்துப் பார்க்க மறக்க வேண்டாம். சின்னப் புழுக்கள் அங்கேதான் வேர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். பிறகு மடிப்பை மூடி, மிதித்து அழுத்தி, தண்ணீர் விடுங்கள். இப்படிக் குறைந்தது ஐந்து இடத்தில் பாருங்கள். அதில் ஒன்றிரண்டு, பச்சையாக நன்றாகத் தெரியும் பகுதியிலும் இருக்கட்டும்.

வேறு சில பூச்சிகளும் இதே தோற்றத்தைத் தரும். மண்ணின் மேற்பரப்பில் விரல் கனத்துக்கு மேடு தூக்கிய சுரங்கம் ஓடினால் அது பிள்ளைப்பூச்சி. வேர் நன்றாக இருந்து, இலையின் நுனியும் ஓரமும் கடிபட்டு, இரண்டு மூன்று நாளில் திட்டு பெரிதாகப் பரவினால் படைப்புழு. புதுப் புல்பாய்க்கு அது அடிக்கடி வரும். புல்லின் தண்டு அடியில் ஒடிந்து வந்து, ஒடிந்த இடத்தில் மரத்தூள் போன்ற எச்சம் இருந்து, கூடவே காலில்லாத வெள்ளைப் புழு தென்பட்டால் அது கூன்வண்டின் புழு. மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி தோண்டிப் பார்த்தேன். சதுர அடிக்கு நான்கு புழு வருகிறது. ‘பத்துக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம்’ என்று ஒருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: வேர் ஆழமாகப் போன, தண்ணீர் குறையாத பழைய புல்தரைக்கு அவர் சொல்வது பொருந்தும். சதுர அடிக்கு 5 முதல் 10 வரை அது தாங்கிக்கொள்ளும். தின்ற வேருக்குப் பதில் வேர் விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பாய்க்கு அந்தக் கையிருப்பு இல்லை. இருப்பதே குட்டை வேர், அதிலும் புதிதாகக் கீழே இறங்கும் நுனியைத்தான் புழு முதலில் கடிக்கிறது. அதனால் விரித்து மூன்று மாதம் ஆகாத பாயில் சதுர அடிக்கு 3 இருந்தாலே நடவடிக்கை எடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

எண்ணிக்கையோடு அளவையும் பாருங்கள். வேர்ப்புழு இரண்டு முறை தோல் உரித்து மூன்று நிலைகளில் வளர்கிறது. அரிசி நீளத்துக்கு உள்ளவை முதல் நிலை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியவை இரண்டாம் நிலை. 2 முதல் 3 செ.மீ. நீளத்தில் கொழுத்துக் கிடப்பவை மூன்றாம் நிலை; சில இனங்களில் இன்னும் பெரிது. சேதத்தின் பெரும்பகுதி மூன்றாம் நிலையில்தான் நடக்கிறது. நான்கு சின்னப் புழு என்றால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நான்கும் பெரிதாக இருந்தால் இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். புழுவை ஒரு வழுவழுப்பான தட்டிலோ சிமென்ட் தரையிலோ விடுங்கள். பக்கவாட்டில் சுருண்டு கிடந்து, காலை உதைத்துத் தடுமாறினால் அது வேர் தின்னும் இனமாக இருக்கலாம். மல்லாந்து படுத்து, கால்கள் மேலே பார்க்க, முதுகாலேயே அலையலையாக நகர்ந்து போனால் அது பூவண்டு இனத்தின் புழு. அது பெரும்பாலும் மக்கும் பொருளைத் தின்பது, எருக்குவியலில் நிறையக் கிடைப்பது. வேரைக் கடிப்பதைவிட மண்ணைக் கிளறிப் பாயைத் தளர்த்துவதுதான் அதனால் வரும் தொல்லை. அதற்காக மருந்து தெளிக்க அவசரம் வேண்டாம். கண்ணில் பட்டதைப் பொறுக்கிவிட்டு, பாயை அழுத்தித் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் போதும்.

கேள்வி: புழு பாயோடு வந்ததா, என் மண்ணிலேயே இருந்ததா? பாய் கொடுத்தவரிடம் கேட்கலாமா?

பதில்: புழுவின் அளவையும் விரித்த நாளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். முட்டை பொரியவே சுமார் 2 வாரம் ஆகும். அதன்பின் மூன்றாம் நிலைக்கு வளர இன்னும் பல வாரங்கள் வேண்டும். மூன்று வாரப் பாயில் 2.5 செ.மீ. புழு கிடைத்தால், விரித்த பிறகு வந்து முட்டையிட்ட வண்டின் குஞ்சாக அது இருக்க முடியாது. பாயில் வந்ததோ அல்லது அடிமண்ணில் ஏற்கெனவே இருந்ததோதான். எல்லாம் அரிசி அளவில் இருந்தால், விரித்த பின் முட்டையிடப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாயா, மண்ணா என்று பிரிப்பது கடினம். புழு மேலும் கீழும் நகரக்கூடியது. அடிமண்ணில் இருந்தது வேரின் வாசனைக்குப் பாய்க்குள் ஏறிவிடும். விரிக்காமல் மீந்த சுருள் ஏதாவது இருந்தால் அதை உதிர்த்துப் பாருங்கள், பாய் போடாத பக்கத்து மண்ணையும் தோண்டிப் பாருங்கள். இந்த இரண்டு சான்றும் கையில் இருந்தால் பேச இடமுண்டு. இனி வாங்குபவர்கள் வண்டியில் இருந்து இறக்கும்போதே பத்துச் சுருளுக்கு ஒன்றை விரித்து அடிமண்ணைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இமிடாகுளோபிரிட் குருணை வாங்கிச் சொன்ன அளவில் தூவினேன். இரண்டு வாரமாகியும் பெரிய புழுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. போலி மருந்தா?

பதில்: மருந்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை, நேரம் தவறியிருக்கிறது. இந்தத் தொல்லையில் அதிகம் பேர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வேர்ப்புழு மருந்துகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று முன்கூட்டியே மண்ணில் காத்திருக்கும் மருந்து. இமிடாகுளோபிரிட், குளோதியனிடின், தயாமீத்தாக்சம், குளோரான்ட்ரானிலிபுரோல் எல்லாம் இந்தப் பக்கம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சும் முதல் நிலைப் புழுவும் இதில் எளிதாகச் சாகும். மூன்றாம் நிலைக்குப் போன கொழுத்த புழுவை இமிடாகுளோபிரிட் நம்பத்தக்கபடி கொல்லாது. உங்களுக்கு நடந்தது அதுதான். இரண்டாவது வகை, இருக்கும் புழுவை உடனே கொல்லும் மருந்து. கார்பாரில், டிரைகுளோர்ஃபான் போன்றவை இதில் சேரும். சில நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் வேலை முடிந்து, மண்ணில் அதிக நாள் தங்காமல் போய்விடும். வரப்போகும் புழுவுக்கு இது காவல் இல்லை.

காத்திருக்கும் மருந்துகளுக்குள்ளும் நேரம் ஒன்றல்ல. குளோரான்ட்ரானிலிபுரோல் தண்ணீரில் மெதுவாகக் கரைவதால் மண்ணுக்குள் இறங்க நாள் பிடிக்கும். வண்டு பறக்கத் தொடங்கும் முன்பே, முட்டை பொரிவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகப் போட வேண்டும். இமிடாகுளோபிரிட்டை வண்டு முட்டையிடும் நாட்களில் போடலாம். வண்டு எப்போது வரும் என்பது இடத்தைப் பொறுத்தது. வெப்ப நாடுகளில் கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்த சில நாட்களில் இருட்டும் நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பும். குளிர் நாடுகளில் கோடையின் நடுவே முட்டையிடும். விளக்கடியிலும் மரத்திலும் பழுப்பு வண்டுகள் மொய்க்கத் தொடங்கும் வாரத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு மருந்து போடும் நாள் அதிலிருந்துதான் கிடைக்கும்.

தேனீயை மறந்துவிடக் கூடாது. இமிடாகுளோபிரிட், குளோதியனிடின், தயாமீத்தாக்சம் மூன்றும் வேர் வழியே செடிக்குள் ஏறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வரக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இம்மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டதற்குக் காரணம் அதுதான். புல்லுக்குள் பூத்திருக்கும் களைகளை வெட்டி எறிந்த பிறகே எந்த மருந்தும் போடுங்கள். தேனீக்கு நேரடி நஞ்சு மிகக் குறைவு என்பதால், நேரம் இருக்கும்போது நாங்கள் முதலில் சொல்வது குளோரான்ட்ரானிலிபுரோல். எந்த மருந்தாக இருந்தாலும் உங்கள் நாட்டில் வீட்டுப் புல்தரைக்கு அனுமதி இருக்கிறதா, எந்த அளவு என்பதை டப்பாவில் ஒட்டியுள்ள தாளே சொல்லும். அதைத் தாண்டிக் கூட்டிப் போடுவதால் புழு கூடுதலாகச் சாகாது.

இப்போது உங்கள் நிலைக்கு: மண்ணில் இருப்பவை பெரிய புழுக்கள் என்றால் உடனே கொல்லும் வகையோ, அடுத்த கேள்வியில் சொல்லும் நூற்புழுவோ (வேர்ப்புழுவின் உடலுக்குள் புகுந்து அதைச் சாகடிக்கும் மிகச் சிறிய புழு) தேவை. நூற்புழுவுக்கு நீங்கள் போட்ட இமிடாகுளோபிரிட் தடையில்லை. அந்த மருந்தால் சோர்ந்த புழு, உடம்பில் ஏறும் நூற்புழுவைத் தட்டிவிட மறந்து எளிதில் பிடிபடும். புழுக்கள் மஞ்சள் பாய்ந்து, தொளதொளவென்று தளர்ந்து, வாலில் இருந்த கருமை மறைந்திருந்தால் எதுவும் போட வேண்டாம். அவை தீனி நிறுத்திக் கூட்டுப்புழுவாகப் போகின்றன.

கேள்வி: குழந்தைகளும் நாயும் விளையாடும் இடம். நூற்புழு நல்லது என்கிறார்கள். அது உண்மையில் வேலை செய்யுமா? எப்படி விடுவது?

பதில்: செய்யும், சரியாக விட்டால். பலன் இல்லை என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் செத்த நூற்புழுவையோ தவறான இனத்தையோ விட்டிருக்கிறார்கள், அல்லது வெயிலில் விட்டிருக்கிறார்கள்.

வேர்ப்புழுவுக்கு வாங்க வேண்டியது ஹெட்டெரோராப்டைடிஸ் பாக்டீரியோஃபோரா. பையில் ஸ்டெய்னர்நீமா கார்போகாப்சே என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். அது மேற்பரப்பில் காத்திருந்து, கடந்து போகும் பூச்சியைப் பிடிப்பது. முதலில் சொன்னதோ மண்ணுக்குள் தேடிப் போகும். புழுவின் உடலுக்குள் நுழைந்ததும் தன் வயிற்றில் சுமந்து வரும் பாக்டீரியாவை வெளியே விடும். அந்த பாக்டீரியாதான் இரண்டு மூன்று நாளில் புழுவைக் கொல்கிறது. அப்படிச் செத்த புழு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். தோண்டும்போது அந்த நிறம் கண்ணில் பட்டால் மருந்து ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அளவு: சதுர மீட்டருக்கு 5 லட்சம். 100 சதுர மீட்டருக்கு 5 கோடி என்று கணக்கிட்டு வாங்குங்கள். வந்தவுடன் குளிர்பெட்டியில், உறையாத பகுதியில் வைத்து, பையில் போட்டிருக்கும் நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். விடும் முன் ஒரு சிட்டிகை எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நெளிந்தால் உயிர் இருக்கிறது. எல்லாம் நேராக நீட்டி அசையாமல் கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மண்ணின் வெப்பம் 12 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 15 முதல் 28 வரை மிக நல்லது. 33-ஐத் தாண்டினால் வீண். மாலையில் வெயில் இறங்கிய பின் வேலையைத் தொடங்குங்கள். முதலில் புல்தரையை நனைத்துக்கொள்ளவும். பையில் உள்ளதைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிறகு பெரிய வாளியில் கலக்கவும். வாளியில் கலந்ததைச் சும்மா வைத்தால் அடியில் படிந்து, காற்றில்லாமல் சாகத் தொடங்கும். கலக்கிக்கொண்டே இருந்து, ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூவாளி போதும். தெளிப்பான் என்றால் உள்ளே இருக்கும் மெல்லிய வடிகட்டியைக் கழற்றுங்கள், கைப்பம்பு அழுத்தத்துக்கு மேல் போக வேண்டாம். மருந்து தெளித்த பழைய தெளிப்பான் என்றால் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவியிருக்க வேண்டும். விட்டு முடித்ததும் இலையில் ஒட்டியிருப்பவை மண்ணுக்குள் இறங்கும்படி உடனே தண்ணீர் விடவும். அதன்பின் இரண்டு வாரம் மண் காயவே கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் முதிர்ந்த புல்தரை வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம். புதுப் பாயை எப்படியும் ஈரமாகத்தானே வைத்திருக்கிறீர்கள்? அதனால் விரித்து ஒரு மாதத்துக்குள் நூற்புழு விடுவதை நாங்கள் மனதாரப் பரிந்துரைக்கிறோம். இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் தோண்டி எண்ணுங்கள். பாதிக்கு மேல் குறையவில்லை என்றால் இன்னொரு முறை விடலாம்.

மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் வேர்ப்புழுவைக் கொல்லும், உடலில் பச்சைப் பொடி பூத்துச் சாகும். ஆனால் பல வாரம் எடுக்கும். பாய் துவண்டுகொண்டிருக்கும் நேரத்தில் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துப் போட்டால் அதுவே செத்துவிடும்.

கேள்வி: பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் புழு மேலே வந்துவிடும் என்கிறார்களே?

பதில்: படைப்புழு வரும், பிள்ளைப்பூச்சி வரும். வேர்ப்புழு வராது. சோப்புத் தண்ணீர் மேலே இருக்கும் பூச்சியைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை மட்டுமே. எதுவும் மேலே வராததைப் பார்த்து வேர்ப்புழு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

உப்பு, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் எதையும் மண்ணில் ஊற்ற வேண்டாம். புல்தான் முதலில் சாகும். வேப்பெண்ணெய்க் கலவையில் உள்ள அசாடிராக்டின், புழு தோல் உரிப்பதைக் கெடுக்கும். அதனால் முதல் நிலையில் ஓரளவு பலன் உண்டு, பெரிய புழுவிடம் இல்லை. அதையும் மாலையில் தெளித்துத் தண்ணீரால் கீழே இறக்க வேண்டும். நண்பகலில் தெளித்தால் இலை கருகும்.

கேள்வி: பாய் இன்னும் வேர் பிடிக்கவில்லை. இந்த நிலையில் மருந்து போட்டால் வேர் பிடிப்பது நின்றுவிடாதா? மேலும் ‘மருந்து போட்டபின் நன்றாகத் தண்ணீர் விடு’ என்கிறார்கள். ‘அதிகத் தண்ணீர் கூடாது’ என்றும் சொல்கிறார்கள்.

பதில்: மேலே சொன்ன பூச்சி மருந்துகள் உரிய அளவில் வேரைக் கெடுப்பதில்லை. கெடுப்பது வேறு ஒன்று. உரம், களைக்கொல்லி, புழு மருந்து மூன்றும் கலந்த குருணைப் பைகள் விற்கிறார்கள். அதில் களை முளைக்காமல் தடுக்கும் பெண்டிமெத்தலின், டைத்தியோபிர், புரோடயமின் போன்றவை இருந்தால் புதுப் பாய்க்குப் போடவே கூடாது. முளைக்கும் வேர் நுனியின் வளர்ச்சியை நிறுத்துவதுதான் அவற்றின் வேலையே. களையின் வேர், புல்லின் வேர் என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது. பையின் முன்பக்கத்தில் வண்டுப் படம் பெரிதாக இருக்கும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள்.

தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. மருந்து புழு இருக்கும் ஆழத்துக்கு இறங்க 12 மி.மீ. தண்ணீர் போதும். சதுர மீட்டருக்கு 12 லிட்டர். 50 சதுர மீட்டருக்கு 600 லிட்டர். தெளிப்புநீர்க் குழாய் ஓடும் பரப்பில், பக்கம் நேராக உள்ள நான்கைந்து டப்பாக்களை வைத்து, அடியிலிருந்து 12 மி.மீ. நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருநாள் முன்பே அளந்துவையுங்கள். களிமண்ணாகவோ சரிவாகவோ இருந்தால் ஒரே மூச்சில் விடாதீர்கள். 4 மி.மீ. விட்டு அரை மணி இடைவெளி என்று மூன்று தவணையாக விடுங்கள். இல்லாவிட்டால் மருந்து பாயின் மேலே வழிந்து வடிகாலுக்குப் போகும். கிணறு, குளம் பக்கத்தில் இருந்தால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

நேரம் இப்படி அமையட்டும்: பாய் விரித்து, உருளை ஓட்டி, முதல் ஊறல் தண்ணீர் விட்டாயிற்று. மறுநாளோ அதற்கு மறுநாளோ மண் ஈரமாக, ஆனால் மிதித்தால் சேறு பிதுங்காமல் இருக்கும்போது மருந்து போடுங்கள். மேலே நடக்க வேண்டியிருந்தால் பலகை போட்டு நடங்கள். வேர் பிடிக்காத பாயில் கால் பதிந்த குழிகள் பிறகு சரியாகாது. தெளித்த 12 மி.மீ.யை அன்றைய பாசனமாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த புல் முழுவதும் காயும்வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அங்கே போகக் கூடாது. தெளிப்பவர் கையுறையும் மூடிய காலணியும் அணிய வேண்டும்.

கேள்வி: சில இடங்களில் புல் முழுக்கச் செத்துவிட்டது. தண்ணீர் விட்டால் திரும்ப வருமா, மாற்ற வேண்டுமா?

பதில்: புல்லின் அடியில், மண்ணை ஒட்டிய குருத்துப் பகுதியை நகத்தால் கீறுங்கள். வெள்ளையாகவோ வெளிர்ப்பச்சையாகவோ இருந்தால் உயிர் உண்டு. பாயை மண்ணோடு அழுத்தி, இரண்டு வாரம் லேசாக அடிக்கடி தண்ணீர் விட்டால் வேர் விடும். அருகம்புல் போலப் படரும் இனங்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்து கையகல இடத்தைத் தானாகவே மூடிவிடும். குருத்தும் பழுப்பாகி நொறுங்கினால் வெட்டி எடுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்கு 5 செ.மீ. உள்ளே வரை சேர்த்து வெட்டினால் ஒட்டு நன்றாகச் சேரும். அடிமண்ணை 5 செ.மீ. கொத்தி, புழுவைப் பொறுக்கி, மட்டம் பார்த்துப் புதுத் துண்டை வைத்து, விளிம்புகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அழுத்தவும்.

புழு எண்ணிக்கை குறைந்ததை உறுதி செய்யாமல் ஒட்டுப்போட வேண்டாம். இளம் வேரோடு வரும் புதுத் துண்டுதான் அடுத்த பந்தி. உரத்துக்கும் அவசரம் இல்லை. வேர் இல்லாத புல்லுக்கு அதிகத் தழைச்சத்து கொடுத்தால் இலை மட்டும் கொழித்து, வெயிலில் துவண்டு விழும். இழுத்தால் பாய் அசையாமல் நிற்கத் தொடங்கிய பின், சொன்ன அளவில் பாதியைக் கொடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் பாய் விரிக்கப் போகிறேன். முன்பு அந்த இடத்தில் புழு இருந்தது. என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வி எல்லாரும் கேட்க வேண்டியது. வெறும் மண்ணில் ஒருநாளில் முடியும் வேலை, பாய் விரித்தபின் ஒரு பருவம் முழுக்க இழுக்கும்.

பழைய புல்லைச் சீவி எடுத்து, 15 செ.மீ. ஆழம் கொத்திப் புரட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே திறந்து போட்டால் வெயிலும் பறவைகளும் பாதி வேலையை முடிக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை புரட்டுங்கள். எரு சேர்ப்பதானால் நன்றாக மக்கி, மண்வாசனை வருவதை மட்டும் சேருங்கள். பச்சைச் சாணமும் பாதி மக்கிய குப்பையும் வண்டுகளை அழைக்கும். சமயத்தில் புழுவோடேயே வரும். ஒரு மண்வெட்டி எருவைத் தாளில் பரப்பிப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.

மட்டம் தட்டிய பின், விரிக்கும் நாள் மாலையில் வெறும் மண்ணை நனைத்து நூற்புழுவை விட்டு, உடனே அதன்மேல் பாயை விரித்துவிடுவது மிக நல்ல வழி. வெயில் படாது, ஈரம் காயாது, அடிமண்ணில் இருக்கும் புழுவை நேரடியாகப் பிடிக்கும். பாயை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் விரிக்க வேண்டும் என்பதால் நூற்புழு முன்பே வந்து காத்திருக்கட்டும்.

முடிந்தால் விரிக்கும் மாதத்தையே தள்ளி வையுங்கள். வண்டு முட்டையிட ஈரமான மண்ணைத் தேடும். முட்டை ஈரத்தை உறிஞ்சித்தான் பொரிய முடியும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும் நேரத்தில் தினமும் தண்ணீர் விடும் உங்கள் புதுப் பாய் மட்டும் ஈரமாக இருந்தால், அக்கம்பக்கத்து வண்டெல்லாம் அங்கே வந்து சேரும். பழைய புல்தரைக்காரர் அந்த வாரங்களில் தண்ணீரைக் குறைத்துத் தப்பிக்கலாம். புதுப் பாய்க்குத் தண்ணீரைக் குறைக்கவே முடியாது. வண்டு பறக்கும் காலம் முடிந்து விரிப்பதோ, வேர் பிடிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசத்தோடு அதற்கு முன்பே விரிப்பதோ நல்லது. அந்த வாரங்களில் புல்தரையைப் பார்த்த மின்விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். விளக்குப் பொறி வைப்பதானால் புல்லிலிருந்து எட்டத்தில், வேலிக்கு வெளியே வையுங்கள். பொறிக்கு வரும் வண்டு எல்லாமே பொறிக்குள் விழுவதில்லை.

கேள்வி: காலையில் காகமும் மைனாவும் பாயைக் கொத்திப் பெயர்க்கின்றன. இரவில் ஏதோ பிராணி தோண்டுகிறது. வலை போடலாமா?

பதில்: வேர் பிடிக்கும்வரை வலை போடுவதில் தவறில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முளை அடித்து இழுத்துக் கட்டுங்கள். புல்மேல் படிய விட்டால் இலை வலைக்குள் வளர்ந்து, எடுக்கும்போது பாயும் சேர்ந்து வரும். அவை எதைத் தேடிக் கொத்துகின்றன என்பதையும் பாருங்கள். பறவை திரும்பத் திரும்ப ஒரே திட்டைக் கொத்தினால் அந்த இடத்தில் மண்ணைத் திறந்து எண்ணுங்கள். மண்புழுவுக்காகவும் கொத்தும் என்பதால் எண்ணாமல் மருந்து வேண்டாம். பெயர்ந்த துண்டுகளை அன்றே காலையில் திரும்ப வைத்து, அழுத்தி, தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். வெயில் ஏறும்வரை புரண்டு கிடந்தால் அடிப்பக்க வேர் காய்ந்து, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.